எதிராளிக்காக நின்ற படகு

நெடுந்தீவில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் போகும் ஒருவரைப் படகில் அடிக்கடி காண்பேன். மெலிந்த மனிதர். வழக்குக் கடதாசிக் கட்டை மடியில் வைத்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டிருப்பார். பங்குக் கிணறு ஒன்றுக்காக மைத்துனருடன் வழக்கு. அது முடியாததால் இருவர் தோட்டமும் வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தன.

வழக்குகளை விரைவுபடுத்தப் புதுச் சட்டம் வந்தது. இனித் தவணை நாளில் நீதிமன்றத்துக்கு வராதவர் தோற்றவரே என்றார்கள். அடுத்த தவணையன்று படகில் மைத்துனரைக் காணவில்லை. வேறு படகும் இல்லை. இவரோ படகின் கயிற்றை அவிழ்க்க விடவில்லை.

"அவர் வராட்டி நீங்கள் வெண்டிடுவியள், அண்ணை," என்றேன்.

"ஓம் மாஸ்டர். பிறகு அவன் அப்பீல் போடுவான். இன்னும் பத்து வருசத்துக்கு ஒரு மிளகாய்க் கன்று நட ஏலாது."

மைத்துனர் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினார். இவர் முகத்தைப் பாராமலே தன் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினார்.

அதுவும் அப்பீலுக்குப் பயந்துதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.