சந்தனம் வைத்த மைக்

ரேடியோ மெக்கானிக் என்று சொன்னால் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் திண்டுக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள். நான் பார்ப்பதோ பாட்டே பாடாத ரேடியோ. ஜீப்பிலும் லாரியிலும் மாட்டி, மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசுகிற வயர்லெஸ் செட். அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவார், அவ்வளவுதான் சங்கதி. மிக்ஸியோ மோட்டாரோ, எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு, வந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் முழிக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கேக்குது, போகல

பேகம்பூர்ப் பக்கம் என் கடை. சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் ஜீப் டிரைவர் முருகேசன் ஒருநாள் காலையில் வந்து நின்றான். மலைப்பாதையில் செல்போன் செத்துவிடும். அதனால் வாழை மண்டிக்காரர்கள் முறைப்படி அனுமதி வாங்கி, அவன் ஜீப்பில் ஒரு செட்டும் மலையில் அவன் வீட்டில் ஒரு செட்டும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்து பேசுவது வண்டியில் கேட்கிறதாம். இவன் பேசுவது மட்டும் போகவில்லையாம். எப்போதிருந்து என்று கேட்டேன். ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து என்றான். பூஜை போட்டால் கோளாறு போகும், வருமா என்ன? அந்தப் பதிலை நான் காதிலேயே வாங்கவில்லை.

அவன் மனைவி செல்விக்கு மாதம் நிறைந்திருந்தது. வலி எடுத்தால் கீழே கொண்டுவர அந்தப் பக்கம் இருப்பது இந்த ஒரு ஜீப்தான். அவள் கூப்பிடும்போது இவன் எங்கிருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கல்யாணம் ஆனதுலருந்து அவ பேசுவா, நான் கேப்பேன். அது பழகிப்போச்சுண்ணே. இந்த மாசம் மட்டும் நான் பேசுறது அவளுக்குக் கேக்கணும்."

கொடிமரம்

பேச்சு போகவில்லை என்றால் எங்கள் தொழிலில் முதலில் பழி விழுவது ஏரியல் மேல். பாவம், அதற்கு வாய் இல்லை. நானும் யோசிக்காமல் பழைய ஏரியலைக் கழற்றிவிட்டு, கடையில் இருந்ததிலேயே நெட்டையான ஒன்றை ஜீப்பின் தலையில் நட்டேன். சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அம்புட்டு தன்னம்பிக்கை.

தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது முதல் வளைவிலேயே அது மரக்கிளையில் மாட்டி வில்லாக வளைந்து, மேலே கட்டியிருந்த தாரில் பாதியைச் சீவித் தள்ளிவிட்டது. பேச்சும் போகவில்லை. மறுநாள் மண்டியில் அதை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். தார் இறக்கும் அக்கா ஒருத்தி தலைச் சும்மாட்டைச் சரிசெய்தபடி, என் கழுத்தில் கிடந்த சிலுவையையும் ஏரியலையும் மாறி மாறிப் பார்த்தார். "கொடிமரம் நட்டாச்சு. மாதா கோயில் திருவிழா என்னைக்குப்பா?"

கடையில் மட்டும் கெட்டிக்காரன்

அடுத்து செட்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். கூடவே அவன் மைக்கும் வந்தது. ஆயுத பூஜைக்கு முருகேசன் அதற்குச் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தான். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அடுத்தவர் சாமிக்குப் பொட்டு வைத்த பொருளில் ஸ்க்ரூடிரைவரை விடலாமா என்று மரியாதையாக ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன். என் சொந்த மைக்கை மாட்டி, என் பேட்டரியில் இணைத்து அழுத்தினேன். மணி அடித்தது போல் பேசியது.

செட்டில் ஒரு குறையும் இல்லை, உனக்குப் பேசத்தான் தெரியவில்லை என்று அவனுக்குப் பாடமே நடத்தி, அவன் மைக்கையே திரும்ப மாட்டி அனுப்பினேன். மலை ஏறியதும் அது மறுபடி ஊமையாகிவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்தவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. "அண்ணே, செல்வியக் கொண்டாந்து ஒங்க கடையிலயே குடிவச்சிரட்டுமா? இங்க எல்லாம் நல்லாத்தான நடக்குது."

வளைவில் வந்த குரல்

மறுநாள் நானே ஜீப்பில் ஏறினேன். என் மைக் கடையில் ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. கோளாறு மைக்கில் இருக்க வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன் அல்லவா! பாதி மலையில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து வயரை நோண்டிக்கொண்டிருந்தபோது செல்வியின் குரல் வந்தது. வலி எடுத்துவிட்டது, வீட்டில் எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், செத்த நேரத்தில் பதில் வராவிட்டால் ஒற்றையடிப் பாதையில் இறங்கி பஸ்ஸுக்கு நடந்துவிடுவேன் என்றாள். அந்தப் பாதை வேறு, எங்கள் ரோடு வேறு. பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. முருகேசன் வண்டியை ஓரங்கட்டி, பொத்தானை அழுத்தி அழுத்தி "வாரேன், வாரேன்" என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். பொத்தானை அழுத்தினால் செட்டில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவே இல்லை. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகூடப் பார்த்திருக்கும். அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, அவன் சாமியிடமும் என் சாமியிடமும் ஒருசேர மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிரித்தேன். பொத்தானுக்கு உள்ளே சந்தனம் இறங்கிக் காய்ந்து, சிமெண்டாய் இறுகிக் கிடந்தது. பிளேடால் சுரண்டி, சட்டை நுனியால் துடைத்து மூடினேன். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "செல்வி, வாரேன், நடந்துராத" என்று மலையே அதிரக் கத்தினான். பொத்தானை விட்டுவிட்டு செட்டோடு காதை ஒட்டினான். கிளம்பிவிட்டாளோ என்று நான் ஜெபமே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பிறகு மூச்சு வாங்க வாங்க அவள் குரல் வந்தது: "இம்புட்டு நாளா ஊமையா இருந்துட்டு இப்ப எதுக்குக் கத்துறீக? வாசல்லதான் நிக்கேன். பதறாம ஓட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசல்

பொம்பளப் பிள்ளை. தாயும் சேயும் நலம். நான் ஏதோ பெரிய வைத்தியம் பார்த்தவன் மாதிரி பழப்பையோடு போய் நின்றேன். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. செல்வி மட்டும் தெளிவாக இருந்தாள். "ரொம்ப நன்றிண்ணே. ஆனா ஒண்ணு சொல்றேன், இவரு வண்டியிலருந்து எதுத்துப் பேச முடியாம இருந்த அந்தக் கொஞ்ச நாளு, வீடு நல்லா நிம்மதியா இருந்துச்சு."

இப்போதெல்லாம் எந்தச் சாமிக்குப் பொட்டு வைத்த மைக்காக இருந்தாலும் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.