சுவருக்குள் இருந்த கட்டி

கொட்டாஞ்சேனையில் பந்து உதைக்கிறவர்களில் ஸ்ரான்லியைத் தெரியாதவர்கள் குறைவு. வாரநாட்களில் துறைமுகத்தில் கிளார்க் வேலை. லீவு நாட்களில் கறுப்பு உடுப்பும் விசிலுமாக மைதானத்தில் நிற்பார். ஐம்பது வயது தாண்டியும் பந்தை விட்டு விலகாமல் ஓடுகிற நடுவர். ஊதிய விசிலை யார் கெஞ்சினாலும் மாற்றமாட்டார்.

அந்த வருட மழைக்குப் பிறகு அவருக்கு ஓட்டம் வரவில்லை. பந்து கோல் வாசலில் கிடக்கும். அவர் நடுக்கோட்டிலேயே இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்.

"அய்யே, துவன்ன பெரித? ஓட ஏலாட்டி வீட்டில நில்லுங்கோ!" என்று றொஹான் என்ற இளம் ஆட்டக்காரன் எல்லோர் முன்னாலும் சிங்களமும் தமிழுமாகக் கத்தினான். ஸ்ரான்லி அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். வீட்டுக்கு வந்து, படிக்கட்டில் இடையிடையே உட்கார்ந்துதான் மேல்மாடிக்கு ஏறினார்.

மலம் தார்போலக் கறுப்பாகப் போவதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையை நீட்டும்போது அவருடைய உள்ளங்கை சுண்ணாம்பாக வெளுத்திருந்ததை மனைவி ஐறீன்தான் கண்டாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

உடம்பில் இரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. வாய்வழியே கமராக் குழாயை விட்டுப் பார்த்தபோது, இரைப்பையின் உட்சுவர் ஓரிடத்தில் புடைத்து நின்றது. அதன் உச்சியில் ஒரு சின்னப் புண். அங்கிருந்துதான் இரத்தம் கசிந்திருந்தது. சிறு துணுக்குகளைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

ஸ்ரான்லி சிரித்துவிட்டார். சத்திரசிகிச்சை நிபுணர் சிவபாதசுந்தரம் சிரிக்கவில்லை.

"கட்டி சுவருக்குள்ள இருக்கு. நாங்கள் கிள்ளினது மேல்தோலை மட்டும்தான். அதில ஒண்டும் இல்லையெண்டதுக்காக உள்ளுக்கையும் ஒண்டும் இல்லையெண்டு சொல்லேலாது. சனிக்கிழமை ஸ்கேனுக்கு வாங்கோ."

வெளியே வந்ததும் ஸ்ரான்லி, "சனிக்கிழமை ஃபைனல். திங்கள் பாப்பம்" என்றார்.

"டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ?"

"நோமல் எண்டு வந்திட்டுது. பிறகென்ன?"

மூன்று நாள் சண்டை பிடித்தும் ஐறீனால் அவரை நிறுத்த முடியவில்லை. சனிக்கிழமை அவளும் மைதானத்துக்குப் போனாள். வாசலில் ஒரு ஓட்டோவை நிறுத்தி, "எங்கயும் போயிடாத தம்பி" என்று சொல்லிவிட்டு, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை. அவரை மட்டுமே பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் அவர் ஓடுவதை நிறுத்தினார். வாயைப் பொத்தினார். விரல்களுக்கிடையால் கோப்பித்தூள் கலந்ததுபோல இரத்தம் வழிந்தது. முதலில் ஓடிவந்து தாங்கியவன் றொஹான்தான். அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே அவன் ஓட்டோவில் ஏறினான். "கண்ணை மூடாதீங்க அய்யே, மூடாதீங்க" என்று வழி முழுவதும் அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கை நிறையும் தோடம்பழ அளவில் கட்டி தெரிந்தது. ஈரலுக்கு எதுவும் பரவியிருக்கவில்லை. இரைப்பையில் ஒரு பகுதியோடு சேர்த்து, உடையாமல் அதை வெட்டி எடுத்தார்கள்.

"இதுக்குப் பேர் ஜிஸ்ட்" என்றார் டொக்டர். "வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் இல்லை. இரைப்பையை அசையச் செய்யிற கலங்கள், செல் எண்டு சொல்லுறது, சுவருக்குள்ள இருக்கு. அந்த மாதிரிக் கலங்களில இருந்து வாற கட்டி. எவ்வளவு பெரிசு, கலங்கள் எவ்வளவு வேகமாப் பிரியுது எண்டதை வைச்சுத்தான் இனி என்ன நடக்குமெண்டு ஓரளவுக்குச் சொல்லலாம். அளவு தெரியும். வேகத்தை லாப் சொல்லவேணும்."

அந்த முடிவு வரும்வரை வீட்டில் தொலைபேசி அடித்தால் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஐறீன் செவ்வாய்க்கிழமை பக்கத்திலுள்ள கொச்சிக்கடைக் கிறிஸ்தவக் கோவிலுக்குப் போனாள். அங்கே என்ன கேட்பது என்று தெரியாமல் வெறுமனே நின்றுவிட்டு வந்தாள்.

கடைசியில் டொக்டர் கூப்பிட்டார்.

"நாங்கள் எதிர்பார்த்ததை விட வேகம் கூட. மருந்தில்லாம விட்டா, இப்பிடியான ரெண்டு பேரில ஒருத்தருக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வருது. ஆனா உங்கட கட்டிக்கு நல்லா வேலை செய்யிற குளிசை இருக்கு. மூண்டு வருஷம் எடுக்கவேணும். எடுத்தா அந்த ஆபத்து நல்லாக் குறையும்."

ஸ்ரான்லி நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: "நான் அண்டைக்கு ஸ்கேனுக்கு வந்திருந்தா?"

"ஒரு நாளில வளர்ந்த கட்டி இல்லை இது. ஆனா வார்டில விழுந்திருப்பீங்கள், மைதானத்தில இல்லை."

"சுகமாகியிட்டுது எண்டு எப்ப சொல்லுவீங்கள்?" என்று ஐறீன் கேட்டாள்.

டொக்டர் ரிப்போட்டை மடித்து வைத்தார். "அந்தச் சொல்லை இப்ப தரமாட்டன். ஒவ்வொரு ஸ்கேனும் பாத்துப் பாத்துச் சொல்லுறன்."

குளிசை தொடங்கியது. காலையில் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். படுத்தால் கெண்டைக்கால் இழுக்கும். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. விசிலை அவர் நடுவர் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார். ஸ்கேன் கிழமை வந்தால் காரணமில்லாமல் ஐறீன்மீது எரிந்து விழுவார். அவள் பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவுவாள்.

போன மாதம் எடுத்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. "அடுத்ததுக்கும் தவறாம வாங்கோ" என்றார் டொக்டர். பஸ்ஸில் வந்து கொச்சிக்கடையில் இறங்கியதும் ஸ்ரான்லி நின்றார்.

"பசிக்குது."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவராக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐறீன் அவருடைய கையைப் பிடித்து, முதலில் கண்ணில் பட்ட சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.