கார் ஷெட்டில் போட்ட கட்டில்

ஜூன் மாத இடவப்பாதி மழை நாள்கணக்கில் கொட்டிவிட்டுச் சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், என் அத்தையின் இரும்புக் கட்டில் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டின் நட்டநடுவில் கிடந்தது. கட்டிலின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் துவைத்த விரிப்பு, அதன் மேல் அத்தை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இன்ஹேலரும் ஃபிளாஸ்கும் இருந்தன. நிற்க இடமில்லாத அண்ணனின் கார், ஒரு சக்கரம் ஓடையில் இறங்க, தெருவில் சாய்ந்து நின்றது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை, வயிறு எரிகிறது.

என்னை வரச் சொன்னவன் அண்ணன். "உடனே வா. அத்தை எனக்க மானத்தை வாங்குறா" என்று போனில் கத்தினான். கரமனையில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துக் கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை பால் கொண்டுவந்தவனையும் தேங்காய் பறிக்க வந்தவனையும் பிடித்து, அதிகாரமாக வேலை வாங்கிக் கட்டிலைக் கீழ் ரூமிலிருந்து மேலே ஏற்ற வைத்திருக்கிறாள். அப்படி வேலை வாங்குவது அத்தைக்குப் புதிதல்ல.

அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு அமர்ந்தபோது, தங்கையையும் கூட்டி வந்து நர்ஸ் படிப்பில் சேர்த்தார். அவள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றாள். கல்யாணம் வேண்டாம் என்றவள், வேண்டாம் என்று சொன்னதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். வார்டில் அவள் குரல் கேட்டால் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் முதலில் நிமிர்ந்து நிற்பார்களாம். கழக்கூட்டம் முந்திரித் தோப்பாகக் கிடந்த காலத்தில், யாரும் சீந்தாத ஒரு மேட்டுச் சரிவைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிப் போட்டாள். பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அந்தச் சரிவு எல்லோர் கண்ணிலும் பட்டது. என் அண்ணன் கண்ணிலும் பட்டது.

கேட்டதும் கொடுத்துவிட்டாள். எங்களைத் தூக்கி வளர்த்த அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். எனக்கு நகை போட்டாள், அண்ணனுக்கு மண்ணைக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள், நானும் பக்கத்தில் இருந்தேன். "கீழ கிடக்குத ரூம் எனக்கு வேணும். சாவுற வரைக்கும் அதுல இருப்பேன். ஈரம் மட்டும் வரப்பிடாது. எனக்குச் சின்னதுலயே இழுப்பு உண்டு, கேட்டியா?" அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான்.

அங்கே சரிவில் கட்டும் வீடுகளெல்லாம் ஒரே மாதிரிதான். தெருவிலிருந்து நேராக நுழைவது மேல் வீடு. படியிறங்கிப் போனால் கீழ் ரூம். அதன் ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். எதிர்ப்பக்கச் சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கும். மண்ணுக்குள் இருக்கும் சுவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. மண்ணை மூடுவதற்கு முன் வெளிப்புறத்தில் தண்ணீர் புகாத பூச்சு பூசி, அதைக் காயவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பைப்பும் ஜல்லியும் போட்டுத் தண்ணீருக்கு வேறு வழி காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் சொன்னார், அண்ணனுக்கும் புரிந்தது. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் குழியும் தோண்டிவிட்டார்கள். சுவர் சிமென்ட் பூச்சோடு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தது தண்ணீர் புகாத அந்தப் பூச்சுதான்.

அதற்குள் புதுவீட்டுப் பால் காய்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். குழி வாசலை ஒட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அண்ணியின் அம்மா வந்து பார்த்துவிட்டு மார்பில் கை வைத்தாள். "வாசல்ல குழியத் திறந்து போட்டுட்டா பால் காய்ப்பாவ? குடும்பம் வெளங்குமா?" அவ்வளவுதான். செங்கல் உடைசல், சிமென்ட் சாக்கு, உடைந்த பலகை, கட்டட வேலையில் மிஞ்சிய குப்பை அத்தனையையும் கொட்டி, மேலே செம்மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். அதன் மேல் பந்தல் போட்டார்கள். பந்தலில் இலை போட்டு ஊரே சாப்பிட்டது. மண்ணைக் கொடுத்தவளை, கல்யாணமாகாதவள் என்பதால், பால் பொங்கும்போது அடுப்புப் பக்கம் வரவிடவில்லை. "நீங்க உக்காருங்க அத்தை, அலையாண்டாம்" என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், மரியாதை மாதிரி. அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. "குழிய மூடிட்டானே, பூச்சு பூசினானா?" என்றுதான் என்னிடம் கேட்டாள். அண்ணனிடம் கேட்டேன். "பின்னால தோண்டிப் பூசிக்கலாம்" என்றான். அந்தப் பின்னால் வருவதற்குள் அந்த இடத்தில் இன்டர்லாக் கல் பதித்து, கூரை போட்டு, காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

முதல் மழைக்கே சுவர் கசிந்தது. முதலில் தரையை ஒட்டி ஒரு பட்டை கறுத்தது, பிறகு இடுப்புயரம் ஏறியது. அத்தை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "செரியாக்கலாம் அத்தை" என்றான். இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அதுதான். வேலையைத் தள்ளிப்போடுகிறவனுக்கு அதைவிட வசதியான சொல் கிடையாது. சொன்னவனுக்கு நிம்மதி, கேட்டவளுக்கு அடுத்த மழை வரைக்கும் காத்திருப்பு.

சரியாக்காமலும் இல்லை, அதுதான் கொடுமை. ஒரு வருஷம் சுவரைச் சுரண்டி, பட்டி பூசி வெள்ளை அடித்தான். அடுத்த மழையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. அடுத்து ஏதோ கெமிக்கலை உள்பக்கம் பூசினார்கள். நாற்றம் தாங்காமல் அத்தை தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். டைல்ஸ் இடுக்குகள் வழியே தண்ணீர் கண்ணீர் மாதிரி இறங்கியது. கடைசியில் மரம் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பலகையை அடித்துச் சுவரையே மறைத்துவிட்டான். பார்க்க ஹோட்டல் ரூம் மாதிரி இருந்தது. பலகைக்குப் பின்னால் பூஞ்சை வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரிந்தது. அலமாரியில் மடித்து வைத்த வெள்ளைப் புடவைகளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. "அழுவுத பிள்ளைக்கு பவுடர் போட்டா அழுக நிக்குமாலே? வெளிய தோண்டு" என்பாள் அத்தை. வெளியே தோண்ட வேண்டுமென்றால் கார் ஷெட்டைப் பெயர்க்க வேண்டும். இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. தன் நெஞ்சில் தானே கை வைத்து மூச்சைக் கவனித்து, "இது சுவத்துக்க சத்தம்" என்று என்னிடம் சிரித்தாள். நர்ஸுக்கு யாரும் போய் நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடாத நாளில்லை. "எனக்க மண்ணுல எனக்க ரூம விட்டு நான் எதுக்கு வரணும்? அவன் செய்யணும்" என்பாள். மேல் வீட்டில் ஒரு அறை கொடுக்கலாமே என்று அண்ணியிடம் சொன்னேன். ஒன்று பூஜைக்கு, ஒன்று பையன் படிக்க, ஒன்று விருந்தாளி வந்தால் என்றாள். வராத விருந்தாளிக்கு ஓர் உலர்ந்த அறை இருந்தது.

இப்படியெல்லாம் ஆன பிறகுதான் அந்தக் கட்டில் மேலே ஏறியது. நான் போனபோது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் காலை நடையில் அங்கே நின்றுவிட்டார். "எந்தா சிஸ்டரே, உறக்கம் இவிடெயாக்கியோ?" என்றார், தூக்கத்தை இங்கே மாற்றிவிட்டீர்களா என்று. அத்தை பத்திரிகையை மடித்து வைத்தாள். "தாழெ மழையாணு சாரே. இவிடெ மழையில்ல" என்றாள். கீழே என் அறைக்குள் மழை பெய்கிறது, கூரை போட்ட இந்த இடத்தில்தான் மழை இல்லை என்று அவள் மலையாளத்தில் சொன்னது தெருவுக்கே கேட்டது. செயலாளர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காரைப் பார்த்தான். "உனக்க காரு நனையப்பிடாதுன்னு கூரை போட்டியே மக்கா, அது இரும்புதானே? நான் நனஞ்சா நெஞ்சு அடைக்கும்" என்றாள் அவனிடம். கோபத்தில்கூட மக்கா என்றுதான் கூப்பிட்டாள். அண்ணி வாசலில் நின்று, "ஊரு என்ன நெனைக்கும்" என்று அழுதாள். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. ஈரச் சுவருக்குள் ஒருத்தி மூச்சுத் திணறியபோது வராத கண்ணீர், கட்டிலைத் தெருவிலிருந்து பார்த்துவிடுவார்கள் என்றதும் வந்துவிட்டது.

அண்ணன் அன்று என்னையும் செயலாளரையும் சாட்சியாக வைத்து வாக்குக் கொடுத்தான். மழை விடட்டும், ஓணம் கழியட்டும், மறுநாளே ஷெட்டை உடைத்துத் தோண்டுகிறேன் என்றான். அத்தை நம்பினாள். நம்பியது அவள் ஏமாளி என்பதால் அல்ல, அவனை வளர்த்தவள் என்பதால். கட்டில் கீழே இறங்கியது. கார் ஷெட்டுக்குள் ஏறியது.

ஓணம் கழிந்தது. பையனுக்குப் பரீட்சை என்றான். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்றான். நான் போன் செய்தால் எடுப்பதை நிறுத்திவிட்டான். நேரில் போய்ச் சண்டை போட்டால், "உனக்கு என்ன, வந்து கத்திட்டுப் போயிருவே" என்றான். ஐப்பசியில் துலாம் மழை இடியும் மின்னலுமாக வந்தது. அந்த மழையில் அத்தைக்கு நிமோனியா கண்டது. தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "இங்க சுவரு நல்லா காஞ்சு கெடக்கு, மக்ளே" என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு தெளிவாக எதுவும் பேசவில்லை. அவள் வீடு திரும்பவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் "வயசாயிடுச்சு" என்றான். வயது ஆகத்தான் செய்தது. வயது யாருடைய சுவரிலும் கசிவதில்லை.

சாவு வீட்டில் காரியம் முடியும்வரை இருந்தேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சில மாதம் கழித்து, சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது பார்த்த ஒரு உறவுக்காரி சொல்லித்தான் தெரிந்தது, கீழ் ரூமை வாடகைக்கு விடப் பார்க்கிறார்கள் என்று. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தாளாம். "ஈரத்திண்டெ மணமுண்டல்லோ", ஈர வாடை அடிக்கிறதே என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டாளாம். அந்த வாரமே மண் வாரும் யந்திரம் வந்துவிட்டது.

கார் ஷெட்டுக் கூரையைக் கழற்றினார்கள். இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து அடுக்கினார்கள். கொட்டிய குப்பை அத்தனையையும் வாரி லாரியில் ஏற்றினார்கள். சுவரைக் கழுவி, விரிசலை அடைத்து, கறுப்புப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக் காயவிட்டார்கள். அடியில் பைப்பும் ஜல்லியும் போட்டு, மேட்டுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். அவ்வளவு நாளும் கார் தெருவில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை அதற்கு. ஆளும் கிடைத்தார்கள், நாளும் கிடைத்தது. அத்தையால் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் ஒரு தடவை மூக்கைச் சுளித்ததும் மலையே அசைந்துவிட்டது.

இந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்த பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். குரலில் பழைய சண்டையின் அடையாளமே இல்லை. அத்தையின் கட்டிலை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டான், அதற்காகத்தான் போனேன். குடி வருகிறவர்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. பிளாஸ்டிக் பலகைகள் போய், சுவர் வெறுமையாக வெள்ளையடித்து நின்றது. வெளியே மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. அறைக்குள் புதுப் பெயின்டைத் தவிர வேறு வாசனை இல்லை. அண்ணன் உள்ளங்கையால் சுவரைத் தட்டிக் காட்டினான்.

"தொட்டுப் பாரு. ஒரு பொட்டு ஈரம் இருக்கா?"

தொட்டுப் பார்த்தேன். இல்லை. சுவர் உலர்ந்து கிடந்தது, கைக்குச் சில்லென்றுகூட இல்லை. அண்ணனின் முகத்தில் உண்மையாகவே பெருமை. கண்கூடக் கலங்கியிருந்தது.

"அத்தை இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா, இல்ல?" என்றான்.

"அத்தை இருந்திருந்தா நீ தோண்டியிருக்கவே மாட்டே" என்றேன்.