காது மட்டும் கலங்கிய படம்

றஞ்சிதத்தின் கலியாண அறிவித்தல் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஞாயிறு, "தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சுவாமி வாசித்து முடித்ததும், கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண் கையில் பிள்ளையோடு எழும்பினாள். மாப்பிள்ளைக்குப் புத்தளத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது.

அது நடந்து இருபத்திரண்டு வருடம். றஞ்சிதத்துக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பங்குக் கந்தோரில் மற்றவர்களுடைய கலியாண அறிவித்தல்களை ரைப் செய்வதுதான் வேலை. யாராவது பழைய கதையை எடுத்தால் அவள் முகம் வாடாது. "மூண்டாம் ஞாயிறு எண்டு ஒண்டு இல்லாட்டி நான் இப்ப புத்தளத்தில ரெண்டாம் அடுப்பு ஊதிக்கொண்டு இருப்பன்" என்று சிரிப்பாள்.

அவளுடைய ஊரான தாழ்வுபாட்டில் மீன் காயப்போடுகிற பந்தல்களுக்குக் கீழே எப்போதும் பூனைகள் கிடக்கும். அவளும் ஒன்று வளர்த்தாள். வயிற்றுப் பூச்சிக்கு உள்ளி அரைத்துக் கொடுக்கச் சொன்ன காணொளி ஒன்றை நம்பி அதை இழந்தாள். அந்தக் காணொளியில் பேசியவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அதன் பிறகுதான் அவள் முகநூலில் 'பூனைப் பக்கம்' தொடங்கினாள். எழுதுகிற எதையும் நானாட்டானில் இருக்கிற மிருக வைத்தியர் துஷாந்தனுக்கு முதலில் அனுப்புவாள். அவர் திருத்தித் தந்ததை, பூனை வளர்க்கிற நாற்பது பேர் இருக்கிற குழுவில் மூன்று ஞாயிறு தொடர்ந்து போடுவாள். அடியில் அதே கோயில் வரி: தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும். ஒன்றும் வராவிட்டால்தான் பக்கத்தில் ஏறும். எழுதியது யார், பார்த்தது யார், எந்தத் திகதி என்பதும் கூடவே இருக்கும்.

"அக்கா, உங்கட ஒரு கட்டுரை வெளிய வாறதுக்குள்ள பூனை பேரப்பிள்ளை கண்டிடும்" என்பார் துஷாந்தன்.

"காணட்டும் டொக்டர். உயிரோட இருந்து காணட்டும்."

இந்த முறை மழை விட்டதும் பூனைகளின் மயிருக்குள் தெள்ளுப் பூச்சி பெருகியது. என்ன செய்யலாம் என்று நாளுக்கு முப்பது பேர் கேட்டார்கள். அதுபற்றி அவள் எழுதிய கட்டுரை குழுவில் இரண்டாம் ஞாயிறில்தான் நின்றது. அதுவரை சனம் பொறுக்காது என்று 'வாசகர் சொல்' என ஒரு பகுதியைத் திறந்தாள். அவர்கள் சொல்வதை அப்படியே போடலாம், அது நம்முடைய சொல் இல்லையே என்று நினைத்தாள். அதற்கு வைத்தியரும் இல்லை, ஞாயிறும் இல்லை.

முதல் குறிப்பு நானாட்டான் பக்கமிருந்து மனோன்மணி என்ற பெண் அனுப்பியது. நாய்க்கு விடுகிற தெள்ளு மருந்தில் பாதியைப் பூனையின் கழுத்தில் விட்டாளாம். தெள்ளு எல்லாம் கொட்டிவிட்டதாம், பூனைக்கு ஒன்றும் செய்யவில்லையாம். சாட்சிக்கு மூன்று படங்கள். பச்சைப் பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது.

படங்களை ஏற்றும்போதே றஞ்சிதத்துக்கு ஏதோ உறுத்தியது. மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெளிவு. கதிரையின் கீறல்கூடத் தெரிந்தது. காதுகள் மட்டும் ஈரவிரலால் அழித்த பென்சில் கோடு போலக் கலங்கியிருந்தன. மூன்று படத்திலும் அப்படியே. பூனை தலையைத் திருப்பியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அது புதன்கிழமை. வெள்ளி காலமை கந்தோருக்கு வரும் வழியில் பந்தல்களுக்குக் கீழே ஒரு பூனையும் இல்லை. காகங்கள் மீனுக்கு இறங்காமல் கயிற்றில் வரிசையாக இருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. வாடைக் காற்று, அதனால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கணினியைத் திறந்தாள்.

குறிப்பை நானூறு பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். கீழே கருத்துகள். 'நாங்களும் போட்டம். தெள்ளு இல்லை. காது மட்டும் ஆடுது.' அதற்குக் கீழே முசலியிலிருந்து சித்தி மரியம் என்ற பெண்: 'சாப்பிடுது, ஆனா காது தன்பாட்டில துடிக்குது, பயமில்லைத்தானே?' அதற்கும் கீழே இன்னொன்று. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாகவும் தெரியவில்லை. ஒரே வாயால் சொல்லிக்கொடுத்தது போல எல்லாரும் காதைத்தான் சொன்னார்கள்.

அவள் மனோன்மணிக்கு அழைத்தாள்.

"அம்மா, பூனைப் பக்கத்தால கதைக்கிறன். உங்கட பூனை எப்பிடி?"

"எந்தப் பூனை, பிள்ளை?"

"கதிரையில இருக்கிற வெள்ளை."

"அதையே கேக்கிறீங்கள்? அது அண்டைக்குப் பின்னேரமே செத்துப் போச்சுதே. படம் எடுத்து அனுப்பினது காலமை. பொழுதுபட முன்னம் துடிதுடிச்சுப் போச்சு. வரம்பில பாம்பு தீண்டியிருக்கும் எண்டு இவர் சொன்னார்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, பிள்ளை."

போனை வைத்தபிறகும் திரையில் அந்தப் பூனை கதிரையை விட்டு இறங்கவில்லை. இரண்டு நாளாக மண்ணுக்குள் கிடக்கிற பூனையை அந்த நிமிடமும் யாரோ விரும்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஒன்று கூடியது. கலங்கிய காதுகள் இப்போதும் அசைவது போல இருந்தது. அவள் கண்ணை எடுத்துவிட்டு துஷாந்தனை அழைத்தாள்.

"அக்கா, அது நாய்க்கு மட்டும்தான். பூனையின்ர உடம்பு அந்த மருந்தை முறிக்காது. காது துடிக்கிறது தொடக்கம், பிறகு வலிப்பு. போட்ட ஆக்கள் உடனே இளஞ்சூட்டுத் தண்ணியில, கோப்பை கழுவுற சோப் போட்டுக் கழுவட்டும். துவட்டிப்போட்டு வைத்தியரிட்டக் கொண்டு போகச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலமும் சும்மா விடக்கூடாது."

அவர் சொல்லி முடிக்கும்போது வாசலில் ஜெனுஷா நின்றாள். அடுத்த ஒழுங்கைப் பெட்டை. மீன் கூடைக்குள் அவளுடைய சாம்பல் பூனை. அதன் இடது காது, காற்றில்லாத அந்த அறைக்குள், யாரோ ஊதிவிடுவது போல ஆடிக்கொண்டிருந்தது.

"றஞ்சிதமக்கா, நீங்கள் போட்டதைப் பாத்துத்தான் நானும் போட்டனான்." அவள் குற்றம் சொல்லவில்லை, நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

கந்தோருக்குப் பின்னால் தண்ணீரைச் சூடாக்கி இரண்டு பேரும் பூனையைக் கழுவினார்கள். கீறவும் இல்லை, கத்தவும் இல்லை. அதுதான் றஞ்சிதத்துக்கு அதிகம் பயமாக இருந்தது. துவாயில் சுற்றி ஓட்டோவில் ஏறினார்கள். மடியில் அந்தத் துவாய் விட்டுவிட்டு அதிர்ந்தது.

நானாட்டானுக்குப் போகிற வழியில், பாலத்தில் ஏறும்போது அவள் போனை எடுத்தாள். ஜெனுஷா எட்டிப் பார்த்தாள்.

"அழிச்சு விடுங்கோ அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. இவ்வளவு காலம் கட்டின பேர்."

அழிக்கிற பொத்தானில் விரல் இருந்தது. ஒரு தட்டு. கதிரை காலியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே மருந்து விட்டவன் திரும்பி வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து எவன் பூனையைக் கழுவப்போகிறான்?

"அண்டைக்குக் கோயிலில அந்தப் பொம்பிளை எழும்பாமல் இருந்திருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, ஜெனுஷா" என்றாள்.

படத்தை அப்படியே வைத்து, அதற்கு மேலே எழுதினாள்: 'இந்தப் பூனை இந்த மருந்தால் இறந்துவிட்டது. இதைச் சரிபார்க்காமல் போட்டது நான், றஞ்சிதம். மருந்து விட்டவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பூனையைக் கழுவுங்கள்.' பிறகு வைத்தியர் சொன்னதைச் சொன்னபடியே, திகதியோடு போட்டாள். கருத்து எழுதிய ஒவ்வொருவரையும் பெயர் பெயராக அழைத்தாள். சித்தி மரியம் எடுத்தாள், கழுவினாள். இரண்டு பேர் எடுக்கவே இல்லை.

சாம்பல் பூனை மூன்று நாள் நானாட்டானில் கிடந்து திரும்பி வந்தது. திருத்தத்தை அவள் மூன்று ஞாயிறும் திரும்பப் போட்டாள். பக்கத்தை விட்டு ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் போனார்கள். போனவர்களை அவள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எடுக்காத அந்த இரண்டு இலக்கங்களுக்கு மட்டும் இடைக்கிடை அழைப்பாள்.

'வாசகர் சொல்' இன்னும் இருக்கிறது. குறிப்பு அனுப்புகிறவர்களை அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் றஞ்சிதம் கூப்பிடுவாள். நலம் விசாரிக்கமாட்டாள்.

"பூனை இப்ப எங்க?"

"இஞ்சதான் எங்கையோ…"

"போனை அதுக்குக் கிட்டப் பிடியுங்கோ."

பிறகு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் ஒரு குறுகுறுப்பு வரும், அல்லது சினந்த ஒரு மியாவ். அந்தக் குறிப்பு வைத்தியருக்குப் போகும். சிலவேளை நெடுநேரம் காற்று மட்டும் இரையும். அந்தப் பக்கம் யாரோ வெறும் முற்றத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் குறிப்புகள் பக்கத்தில் வருவதில்லை.