சென்றி மிஸ்ஸும் பன்னிரண்டு பெட்டிகளும்

1. பதினொரு இணைப்பு

"மிஸ், இதில பதினொரு இணைப்புத்தான் காட்டுது. அதிலயும் நாலு உங்கட சொந்தச் சாமான்."

எங்கள் மன்னார் வளாகத்தின் பணிப்பாளர் சேர், பிரின்ற் எடுத்த தாளை என் பக்கம் தள்ளினார். வைஃபை திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முந்நூறு மாணவர்கள் படிக்கிற இடத்தில் பதினொன்று. நாலு என்னுடையவை என்பதும் உண்மைதான்: இரண்டு போன், ஒரு லப்ரொப், ஒரு ராப்லெற்.

"அடுத்த மாத முடிவுக்குள்ள பிள்ளையள் பாவிக்காட்டில், பன்னிரண்டு பெட்டியையும் கழட்டிப் பிரதான வளாகத்துக்கு அனுப்பட்டாம். அங்க கேட்டுக்கொண்டு நிக்கினமாம்," என்றார்.

வளாகத்தின் நெற்வேர்க் பொறுப்பாளராக, அந்தப் பன்னிரண்டு அக்சஸ் பொயின்ற் பெட்டிக்கும் இரண்டு வருடம் கடிதம் எழுதியவள் நான். வந்த பிறகு ஏணியில் ஏறிப் பூட்டியவளும் நான்தான். உப்புக் காற்று கேபிள் முனையைத் தின்றுவிடும் என்று முனைக்கு முனை கிறீஸ் பூசினேன். கழுதைகள் இழுக்காதபடி வெளிக் கேபிளை உயரத்தில் குழாய்க்குள் விட்டேன். போனைப் பிடித்துக்கொண்டு வளாகம் முழுக்க நடந்து, கன்ரீன் வேம்படியில் சிக்னல் கோடு முழுவதும் நிற்கும்வரை இடம் மாற்றினேன். 

"நல்லது செய்தா இந்தப் பிள்ளையளுக்குக் கண் தெரியாது சேர்," என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். அப்போது என் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

2. திறப்பு விழாப் பேச்சு

பிழை எங்கே என்று விளங்க, வைஃபையைத் திறந்துவைத்த அன்று நான் மண்டபத்தில் பேசியதைச் சொல்ல வேண்டும். மாணவர்களைச் சேர்ப்பதற்கான பேச்சு அது. போஸ்டரெல்லாம் ஒட்டியிருந்தேன். பொடியள் படம் இறக்கியே லைனை நிரப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு எனக்கு. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஒரு ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். ஆர், எத்தினை மணிக்கு, எங்க நிண்டு, என்ன பாத்தது எண்டு எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பேய்க்காட்ட ஏலாது!"

கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. பிறகு பதிவுப் படிவத்தைக் கொடுத்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தகப்பன் பெயர், போன் இலக்கம், படம் இரண்டு. பாதுகாப்பான நெற்வேர்க் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் படித்திருந்தேன். திரும்பி வந்த படிவங்களை விரல் விட்டு எண்ணலாம்.

3. மதிலோரம்

சேரிடம் பேச்சு வாங்கிய அன்று மத்தியானம், பின்மதிலோரம் கொளுத்துகிற வெயிலில் ஒரு பிள்ளை கல்லின் மேல் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். சிலாவத்துறைப் பிள்ளை, பர்சானா. இறுதி வருடம். வருகிற வியாழக்கிழமை கொழும்பில் இருக்கும் பரீட்சகருக்கு வீடியோவில் தன் ஆய்வை விளக்க வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் பட்டம் ஒரு வருடம் பிந்தும். அதற்குத்தான் சிநேகிதியோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் டேற்றா நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு என்ன விசரே? வேம்படியில பெட்டி தொங்குது. நீ இஞ்ச கல்லில ஏறி நிக்கிறாய்!"

அவள் இறங்கினாள். "மிஸ் கோவிக்கக் கூடாது."

"கோவிக்கேல்ல, சொல்லு."

"பேர், படம், ஐ.சி. நம்பர் ஒண்டும் எங்கயும் எழுதிக் குடுக்காத எண்டு உம்மா சொல்லியிருக்கா. சண்டைக் காலத்தில அப்பிடிக் குடுத்த ஆக்கள் பட்ட பாட்ட அவ கண்டவ. நீங்களும் எல்லாம் பாப்பன் எண்டு சொன்னீங்க." கொஞ்சம் தயங்கினாள். "பொடியள் உங்களுக்குப் பட்டம் வச்சிருக்காங்க மிஸ். சென்றி மிஸ்."

சென்றி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்: ஆமி மறித்துச் சோதிக்கிற இடம். பதினேழு வயதில் பாலத்தடிச் சென்றியில் வரிசையில் நின்றவள் நான். எங்கிருந்து வாறாய், எங்க போறாய், அப்பா பேர் என்ன. அங்கே கேட்ட கேள்விகளை ஒன்றும் விடாமல் எடுத்து, என் படிவத்தில் அழகாக ரைப் பண்ணி வைத்திருந்தேன். பெரிய வெட்கமாகப் போய்விட்டது. "சரி பிள்ளை, நிழலுக்குப் போ," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

4. சாறிக் கடை

அப்படியே சேரிடம் போனேன். "சேர், படிவத்தைக் கிழிக்கப் போறன். மாணவர் பதிவெண் மட்டும் போதும். மிச்சமெல்லாம் வளாகக் கந்தோர் ஃபைல் அலுமாரியில ஏற்கெனவே இருக்கு. பிள்ளையளைத் திரும்ப மண்டபத்துக்குக் கூப்பிட்டு நானே சொல்லுறன்."

"நாளைக்கு ஏதும் பிரச்சினை எண்டா ஆர் பொறுப்பு?"

"நான்தான். கையெழுத்து வச்சுத் தாறன்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்ஸின்ர வாயை மறிக்க ஏலுமே? செய்யுங்கோ. நானும் வந்து இருக்கிறன்."

அடுத்த நாள் அதே மண்டபத்தில் எல்லாப் பெட்டியையும் நடத்துகிற கொன்ற்ரோலரின் திரையைப் புரொஜெக்ரரில் பெரிதாகக் காட்டினேன். "அண்டைக்குக் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். நீங்கள் எழுதிறதோ பாக்கிற படமோ எனக்குத் தெரியாது. போற இணையத்தளத்தின்ர பேர் மட்டும் விழும். எப்பிடி விழும் எண்டு பாருங்கோ, இது என்ர போன்," என்று திரையில் என் பெயரை அழுத்தினேன்.

முந்தைய கிழமை ஏழு நாளும் வரிசையாக வந்தது. முடி கொட்டுவதற்கு மருந்து விற்கிற தளம். நண்டுக் கறிக்கு ஒரு சமையல் தளம். செவ்வாய்க்கிழமை பத்து மணி தொடக்கம் பதினொரு மணி வரை ஒரு சாறிக் கடை.

பின்வரிசையில் ஒரு பொடியன் எழும்பினான். "மிஸ், செவ்வாய் பத்து மணிக்குச் சேரோட மீற்றிங் எல்லோ?"

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த சேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் ஒரு மாதமாக என்னைக் கண்டால் விலகிப் போன பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பர்சானாவை மேடைக்குக் கூப்பிட்டேன். பழைய பதிவையெல்லாம் அவளே அழித்தாள். தளப் பெயர் எழுதுகிற வசதியையும் அவளே நிறுத்தினாள். பின்னேரமே எண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பெட்டிகள் இன்றைக்கும் இங்கேதான் தொங்குகின்றன.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி எழுத முன்னம், அதே கேள்வியை முன்பு யார், எங்கே வைத்து அந்த ஆட்களிடம் கேட்டார்கள் என்று யோசியுங்கள். சிக்னலை ஓடி ஓடி அளந்த நான் அதை யோசிக்கவில்லை.

5. வியாழக்கிழமை

பர்சானா நூலக அறையில் நாற்பது நிமிடம் பேசினாள். லைன் ஒரு தரமும் அறுந்துபோகவில்லை. அவளுடைய உம்மா வெளியே கதிரையில் ஓதிக்கொண்டு இருந்தார். கதவைத் திறந்து மகள் சிரித்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

"மிஸ், புத்தளத்துல தங்கச்சி இருக்கா. முகம் பாத்துச் சொல்லணும். எனக்கும் வைஃபை போட்டுத் தாங்க. பேர் எழுதணுமா?"

"ஒண்டும் வேண்டாம் அம்மா. வெளியாக்களுக்கெண்டு ஒரு இலக்கம் வச்சிருக்கிறன், அதை அடிச்சாப் போதும்."

தங்கச்சியோடு அழுது சிரித்துக் கதைத்து முடித்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேப்பர் இருந்தா எடுங்க மிஸ்."

"எந்தப் பேப்பர்?"

"பேர் எழுதுறது. எழுதுங்க, முழுப் பேர்: சித்தி ஜெனீரா. சிலாவத்துறை."

படிவம் ஒன்றும் மிச்சமில்லை. என் டயறியைத் திறந்து, அவர் சொன்னபடியே எழுதினேன்.