அம்சம் தொடாத கழுத்து

அம்சம் பிறந்தபோது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் கைவைத்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது திருவையாற்றுப் பக்கத்து நம்பிக்கை. பகலெல்லாம் வயல், சாயங்காலமானால் சுளுக்கு என்று அவள் காலம் ஓடியது. கழுத்துப் பிடிப்புக்கு நல்லெண்ணெய் தடவிச் சட்டென்று ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

1998இல் ஒரு நாள் பஞ்சநதம் அவளிடம் கழுத்து வலியோடு வந்தார். அவள் குத்தகைக்கு உழுத நிலத்தைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்த நிலக்காரர் அவர். வலி வந்தால் வழக்காவது ஒன்றாவது! கூலித் தகராறில் களத்துக்கு ஆள் வராததால் நெல் மூட்டையைத் தானே தூக்கியிருக்கிறார். அம்சம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தொட மாட்டேன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றாள். வழக்கின் ஆத்திரத்தைக் கழுத்தில் காட்டுகிறாள் என்று ஊர் பேசியது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் நான். இடது இமை லேசாகத் தொங்கியது. அந்தக் கண்ணின் பாப்பாவும் சிறுத்திருந்தது. மருந்து ஏற்றிப் படம் எடுத்தோம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் உள்சுவர் கிழிந்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க முதலில் ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. கிழிசல் தானாகவே ஆறிவிட்டது.

எனக்குத்தான் குடைச்சல் ஆறவில்லை. நான் படம் எடுத்துக் கண்டதை அவள் முகம் பார்த்தே எப்படிக் கண்டாள்? கேட்டே தீருவதென்று பஸ் ஏறினேன்.

அம்சம் நாற்றங்காலிலிருந்து கரையேறி வந்தாள். கேட்க வந்த நான், வாய் சும்மா இராமல் முதலில் பாடம் எடுத்தேன். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும், கழுத்தைத் திருப்பினால் அது பெயர்ந்து மூளையில் போய் அடைக்கும், நீங்கள் தொடாததால்தான் அவர் பிழைத்தார் என்றேன்.

அவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கண்ணு இப்படித்தான் தொங்குச்சுங்க. நான்தான் கழுத்தைத் திருப்பி விட்டேன். மறுநாளே கை கால் விழுந்து போயிட்டாரு. எமன் வந்து நிக்கிற அடையாளம் அது, நம்ம கைக்குக் கட்டுப்படாதுன்னுதான் இத்தன வருசமா நெனச்சிருந்தேன்."

பிறகு கேட்டாள்: "அப்ப, நான் தொடாம இருந்திருந்தா?"

தொடாவிட்டாலும் அப்படி ஆகியிருக்கலாம் என்றேன். அது உண்மைதான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சேறு காயாத தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த பஸ்ஸில் ஏன்தான் ஏறினேனோ.