முந்தினது என்றால் மூன்று

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படுக்கையறை அலமாரியிலிருந்த சேமிப்புப் பெட்டி கத்தத் தொடங்கியது. நொடிக்கு ஒரு பீப். வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த கறுப்புப் பெட்டி அது. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாக நிற்கின்றன. நான்கில் எது செத்தாலும், மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைத் திரும்ப உருவாக்கிக் கொடுத்துவிடும். இரண்டு போனால் எல்லாமே போய்விடும். வாங்கிய புதிதில் இதை என் மனைவிக்கு இருபது நிமிடம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டே பேர் இருந்து அதுல ஒருத்தர் போயிட்டா?" என்றாள். இரண்டு டிஸ்க் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்று போனாலும் மற்றதில் முழுப் பிரதி இருக்கும் என்று பதில் சொன்னேன். தொழில்நுட்ப ரீதியில் அது சரியான பதில்.

அந்த ஞாயிறன்று அவள் போய் எட்டு மாதமாகியிருந்தது.

பெட்டியில் நான் சேர்த்திருந்தவற்றில் பெரும்பாலானவை அழிந்தால் உலகத்துக்கு இழப்பில்லை: என் ஆய்வுக் கட்டுரைகள், தொழிற்சாலையில் நான் நிகழ்த்திய உரைகள், யாரும் கேட்காத கையேடுகள். ஒரே ஒரு ஃபோல்டர் அப்படியல்ல. அதில் அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. போனில் தமிழில் தட்டச்சு செய்ய அவளுக்குப் பொறுமை கிடையாது. எதையும் பேசித்தான் அனுப்புவாள். இடம் போதவில்லை என்று அவற்றைப் பெட்டிக்கு மாற்றியவனும், மாற்றிய கையோடு போனிலிருந்து அழித்தவனும் நானே. வேறெங்கும் பிரதி இல்லை. அவள் போன பிறகு அவற்றில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதும் திறக்க முடியாமல் போவதும் ஒன்றல்ல என்பது அந்தப் பீப் சத்தத்தில்தான் உறைத்தது.

எந்த டிஸ்க் செத்தது என்பதைப் பெட்டியின் முன்பக்கத்து விளக்குகளே காட்டிவிடும். நன்றாக இருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. ஆனால் அந்த நான்கு விளக்குகளின் மேலும் நான்கு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. படுக்கையில் கிடந்த மாதங்களில், வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று அவளே ஒட்டியவை. அவற்றை உரிக்க எனக்கு மனமில்லை. ஆகவே உரிக்காமல் கண்டுபிடிக்கும் வழியை ஆராய்ந்தேன். உலோகவியலில் முனைவர் பட்டம் இத்தகைய ஆராய்ச்சிகளுக்குப் பெரிதும் உதவும்.

கணினித் திரை 'டிஸ்க் 3' என்றது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இடமிருந்து மூன்றாவதைக் கழற்றியிருப்பார்கள். எனக்கோ ஐயங்கள் எழுந்தன. கணினிகள் பூச்சியத்திலிருந்து எண்ணும் வழக்கம் உண்டல்லவா? எண்ணிக்கை இடமிருந்தா, வலமிருந்தா? வீட்டில் மாற்று டிஸ்க் தயாராக இருந்தபோதிலும், அதை விற்ற கடைக்காரரையே அழைத்துக் கேட்பது எனத் தீர்மானித்தேன். ஆனேக்கல் பக்கத்தவர், வீட்டில் கன்னடம், ஓசூர்க் கடையில் தமிழ். அன்று ராயக்கோட்டையில் யாருக்கோ கேமரா மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், குழப்பிக்காதீங்க. இடது பக்கத்துல இருந்து எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு. ரெண்டு மேல கையே வெக்காதீங்க. அதோட முந்தினது இருக்குதில்ல, அதைக் கழட்டிட்டுப் புதுசைப் போடுங்க. அவ்ளோதான்."

இரண்டுக்கு முந்தினது ஒன்று. திரையோ மூன்று என்கிறது. இந்த முரண்பாடு என்னைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, அது எனக்கு மகிழ்ச்சியையே தந்தது. வலமிருந்து பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் இடக்கோடியில் இருப்பதுதான் மூன்று! என் இரண்டு ஐயங்களும் ஒரே வீச்சில் மெய்யாகிவிட்டன. அந்தப் பெருமிதத்தோடு முதல் டிஸ்க்கை உருவினேன்.

விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பீப் ஒரே நீண்ட ஊளையாக மாறியது. புதிய டிஸ்க்கைச் செருகினேன். ஊளை நிற்கவில்லை. திரையிலிருந்து என் ஃபோல்டர்கள் அனைத்தும் மறைந்து, ஒரு கேள்வி மட்டும் நின்றது: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? மறுபடியும் அழைத்தேன்.

"நீங்க சொன்ன மாதிரியே முதல் டிஸ்க்கைக் கழட்டிட்டேன். எல்லாமே போயிடுச்சு."

"முதலா? நான் எங்க சார் முதல்னு சொன்னேன்? முந்தினதுன்னு சொன்னேன்."

"ரெண்டுக்கு முந்தினது ஒண்ணுதானே?"

"ஐயோ சார்! முந்தினதுன்னா மூணு சார்!"

கன்னடத்தில் 'முந்தின' என்றால் அடுத்தது. தமிழில் அதற்கு நேர் எதிர். இது எனக்குத் தெரியாத செய்தியன்று. தரக்கட்டுப்பாட்டுத் தலைவனாக இருந்த காலத்தில், முந்தின ஷிப்ட் செய்ய வேண்டிய வேலையை எந்த ஷிப்டும் செய்யாமல் போன ஒரு நாளுக்குப் பிறகு, அந்தச் சொல்லை வாய்மொழிக் கட்டளைகளில் எவரும் பயன்படுத்தலாகாது என்று மூன்று மொழிகளில் சுற்றறிக்கை விட்டவனே நான்தான். கீழே என் கையெழுத்தும் இருந்தது.

"சார், அழிச்சிடலாமான்னு கேக்குதே, அதை அமுக்கலையே?"

"இல்லை."

"எதையும் தொடாதீங்க. பெட்டியை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காருங்க. நான் வர்றேன்."

வருவதற்கு இரண்டரை மணி நேரமாயிற்று. சானமாவு காட்டுப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கின்றன, வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வழியிலிருந்து பேசினார். சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. உருவிய டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எதற்காகச் சுற்றினேன் என்று கேட்டால் அறிவியல் அடிப்படையில் பதில் இல்லை.

வந்தவர் பெட்டியைப் பார்த்ததும், "இதென்ன சார், பொட்டெல்லாம்?" என்று நகத்தால் சுரண்டப் போனார்.

"இருங்க, நான் எடுக்கறேன்."

பெட்டிக்கு உயிர் கொடுத்து மூன்றாவது பொட்டை மட்டும் உரித்தேன். கீழே சிவப்பு. எந்த ஐயத்துக்கும் இடமில்லாத, பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடிய சிவப்பு.

அவர் மீண்டும் பெட்டியை அணைத்து, புதியதை எடுத்துவிட்டு, நான் உருவிய டிஸ்க்கை அதன் பழைய இடத்தில் செருகினார். தம் மடிக்கணினியை இணைத்து ஏதேதோ கட்டளைகளைத் தட்டினார். "சாவல சார், நீங்க உருவினதுல பயந்து போயிருக்குது. மிச்ச ரெண்டும் இதை மறுபடி சேத்துக்கணும்" என்றார். சேர்த்துக்கொள்ள ஏழெட்டு நிமிடம் பிடித்தது. பிறகு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குத் திரும்பின.

"புதுசைப் போட்டா பெட்டி ராத்திரி பகலா உழைக்கும். அந்த நேரத்துல இன்னொண்ணு மண்டையைப் போட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால எது ரொம்ப முக்கியமோ அதை முதல்ல வெளிய எடுத்துடலாம். சொல்லுங்க, எது?"

எவரிடமும் காட்டாத ஒன்றைக் காட்ட வேண்டியதாயிற்று. ஃபோல்டரைச் சுட்டிக் காட்டினேன். பிரதி எடுத்து முடித்ததும், நான் தடுப்பதற்குள், முதல் கோப்பை ஓடவிட்டார்.

"நான்தான். போனை எடுக்க மாட்டேங்கறீங்க, மீட்டிங்ல இருப்பீங்க. புளி வாங்காதீங்க. வீட்ல இருக்கு. வாங்காதீங்கன்னா வாங்குங்கறது மட்டும்தான் உங்க காதுல விழும், அதனால ரெண்டாவது தடவை சொல்றேன். வாங்காதீங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "வாங்கிட்டீங்களா சார்?"

"அரைக் கிலோ."

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்லை. தவறிட்டாங்க."

அவர் மடிக்கணினியை மெல்ல மூடினார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேறு குரலில் சொன்னார்: "சார், காப்பி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அதை நம்பாதீங்க. சிலது பேரு மட்டும் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஒவ்வொண்ணாத் திறந்து கேட்டுடுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஓடலைன்னா உடனே கூப்புடுங்க."

மூன்றாம் இடத்தில் புதிய டிஸ்க் ஏறியது. மறுநாள் மாலைக்குள் பெட்டி தன் வேலையை முடித்துக்கொண்டது. என் வேலை முடியவில்லை. எட்டு மாதம் துணியாதவன் இப்போது நாளுக்கு ஒரு கோப்பு கேட்கிறேன். இதை நான் ஆய்வு என்றே அழைக்கிறேன். கோப்பு எண், நிலை, குறிப்பு என்று மூன்று பத்திகளோடு ஓர் அட்டவணைகூடப் போட்டிருக்கிறேன். ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாமே என்று எவரேனும் கேட்டால், மாதிரி ஆய்வின் நெறிமுறைகளைப் பற்றி நீளமாகப் பேச ஆயத்தமாக இருக்கிறேன். இதுவரை எவரும் கேட்கவில்லை.

நேற்று அறுபத்தொன்றாவது. பேருந்து நிலையத்தில் நிற்கிறாள்; பின்னணியில் மழை, பெங்களூர் பெங்களூர் என்று ஒரு கண்டக்டர். "கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்ச குடையைக் காணோம். நீங்கதான் எடுத்துட்டுப் போயிருக்கீங்க. இல்லைன்னுதான் சொல்வீங்க, தெரியும்." பதினெட்டு நொடி.

அவள் அதை அனுப்பிய அன்று மாலை வீட்டுக்கு வந்து, இல்லை என்றுதான் சொன்னேன். நிலை என்ற பத்தியில் 'சரி' என்று குறித்தேன். குறிப்பு என்ற பத்தியில், குடையை எடுத்துப்போனது நான்தான் என்று எழுதினேன்.